எங்கள் பேராயர் எந்தப் பக்கம்?

இங்கிலாந்து திருச்சபையின் சட்டங்களை முடிவு செய்யும் பேரவையான பொது சினாட்டில் ஒரு தீர்மானம் நிறைவேறியது என்ற செய்தி மட்டும் எனக்குப் போதாது. எங்கள் திருமண்டலப் பேராயர் (பிஷப்) எப்படி வாக்களித்தார் என்பதும் தெரிந்தாக வேண்டும். ஒரே பாலினத் தம்பதிகளுக்கான ஆசீர்வாத ஜெபங்கள் 2023 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள சர்ச் ஹவுஸுக்கே போய்ப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தேன்.

சாதாரண விஷயம் என்றால் கை தூக்கினால் முடிந்தது. சர்ச்சையான விஷயம் என்றால் பேராயர்கள், குருமார், சபையார் (குருமார் அல்லாத உறுப்பினர்கள்) என்று மூன்று அவைகளாகப் பிரித்து எண்ணுவார்கள். ஒன்றில் தோற்றாலும் தீர்மானம் விழுந்துவிடும். 2012-ல் பெண்களைப் பேராயராக்கும் சட்டத்தைப் பேராயர்களில் 44 பேர் ஆதரித்தார்கள், 3 பேர்தான் எதிர்த்தார்கள். ஆனாலும் அந்தச் சட்டத்துக்கு ஒவ்வொரு அவையிலும் தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்குக்குச் சபையார் அவையில் 6 வாக்கு குறைந்ததால் அது தோற்றது. 2014-ல்தான் நிறைவேறியது.

2023 நவம்பரில் நான் போயிருந்தபோது விவாதம் இரண்டாம் நாளுக்கும் நீண்டது. ஒரு திருத்தம் சபையார் அவையில் 99-க்கு 98 என்று ஒரே வாக்கில் தப்பியது. கடைசியில் எல்லோரும் பட்டனை அழுத்தினார்கள். முடிவு: பேராயர்களில் ஆதரவு 23, எதிர்ப்பு 10, நடுநிலை 4. சபையாரில் 104-க்கு 100. என் பக்கத்தில் இருந்த அம்மா நிகழ்ச்சி நிரல் தாளின் பின்புறம் எண்களைக் குறித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எந்தப் பக்கத்துக்காக அழுதார் என்று நான் கேட்கவில்லை.

சரி, அந்த 23 பேர் யார், 10 பேர் யார்? பெயர் வாரியான பட்டியலைத் திருச்சபை பின்னர் வெளியிடுகிறது. அதைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடுநிலை என்பதும் பதிவு செய்யப்பட்ட ஒரு வாக்கு. அங்கே பெயர் இருக்கும். எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை என்றால் அவர் அந்த நேரம் வாக்களிக்கவே இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்து யாரையும் குறை சொல்லிவிடக் கூடாது.

பழைய கணக்குகளையும் எடுத்துப் பார்த்தேன். 2017-ல் திருமணம் பற்றிய பேராயர்களின் அறிக்கை வந்தபோது அவர்கள் அவையில் 43-க்கு 1. அந்த ஒருவரும் பட்டனைத் தவறாக அழுத்திவிட்டதாகச் சொன்னார். குருமார் அவைதான் அதைத் தோற்கடித்தது. ஆசீர்வாத ஜெபங்கள் பற்றிய முதல் வாக்கெடுப்பில், 2023 பிப்ரவரியில், பேராயர்கள் 36-க்கு 4. நவம்பரில் 23-க்கு 10. முன்பெல்லாம் மூடிய கதவுக்குள் பேசி முடித்துவிட்டு ஒரே குரலில் வெளியே வந்தவர்கள், இப்போது கருத்து வேறுபாட்டை எல்லோர் முன்பும் வைக்கிறார்கள். பிளவு வேதனைதான். ஆனால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்பதைவிட இது நேர்மையானது என்று நம்புகிறேன்.

அப்புறம் எங்கள் பேராயருக்கே காரணம் கேட்டு எழுதினேன். நாம் அவரை வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. அதனால் கேட்பது ஒன்றுதான் நமக்குள்ள வழி. பதில் வந்தது, இரண்டு பக்கம், கையெழுத்தில். எந்தப் பக்கம் என்பது பட்டியலிலேயே இருக்கிறது. காரணம் எனக்கு எழுதியது, அதனால் இங்கே சொல்லவில்லை. நீங்களும் உங்கள் பேராயருக்கு எழுதுங்கள்.