ஓரத்துக் கட்டியும் 5 மி.மீ. ஸ்கேனும்

அப்பாவின் வலது நுரையீரல் உச்சியில் 18 மி.மீ. கட்டி என்று ரிப்போர்ட் வந்த அன்று வீட்டில் யாரும் தூங்கவில்லை. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், கையில் பீடி இல்லாமல் அவரை நான் பார்த்ததே குறைவு, அதனால் எல்லோர் மனதிலும் ஓடியது ஒரே வார்த்தைதான், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முதலில் பார்த்த டாக்டர், நெஞ்சுக்கு வெளியிலிருந்து ஊசி போட்டுச் சதை எடுக்கலாம் என்றார். பீடி குடித்து அரித்துப்போன நுரையீரலில் ஊசி பட்டால் காற்று கசிந்து அது சுருங்கிவிடும் அபாயம் அதிகம். இன்னொரு வழி நேவிகேஷன் பிராங்கோஸ்கோப்பி, அதாவது கம்ப்யூட்டர் மேப்பைப் பார்த்து மூச்சுக்குழாய் வழியாகவே கட்டிக்குப் போய்ச் சதை எடுப்பது. 2025இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஒப்பீட்டை, அடுத்துப் பார்த்த சென்னை டாக்டர்தான் சொன்னார்: ஊசி வழியில் 100இல் 28 பேருக்கு இப்படி ஆனது, நேவிகேஷன் பிராங்கோஸ்கோப்பியில் 3 பேருக்கு. கண்டுபிடிக்கும் திறனில் இரண்டுமே ஏறக்குறைய ஒன்றுதான். சரி, பிராங்கோஸ்கோப்பியே செய்யலாம் என்று முடிவெடுத்தோம்.

வாய் வழியாக விடும் சாதாரணக் குழாய் 5, 6 மி.மீ. தடிமன் இருக்கும். மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து மெலிந்துகொண்டே போவதால் ஓரத்தில் இருக்கும் கட்டி வரை அது போகாது. அங்கே போக ஒரு மெல்லிய கம்பி, அதன் நுனியில் சென்சார். படுக்கைக்கு அடியில் ஒரு பலகை காந்தப்புலத்தை உண்டாக்கும், கம்பி எங்கே இருக்கிறது என்பதை அதை வைத்துக் கம்ப்யூட்டர் காட்டும். ஆனால் எந்த மேப்பில் காட்டும்? நாம் கொண்டுபோகும் சி.டி. ஸ்கேனில்தான்.

எங்களை ஒரு வாரம் இழுத்தடித்தது இதுதான். எங்கள் ஊர் ஸ்கேன் சென்டர் கொடுத்த டிஸ்க்கில் 5 மி.மீ. இடைவெளியில் எடுத்த படங்கள் மட்டுமே இருந்தன. மேப் வரைய 1 மி.மீ. அளவில் மெல்லிய படங்கள் வேண்டுமாம். ஒரிஜினல் மெல்லிய படங்கள் மெஷினில் இருக்குமே என்று போன் செய்தால், அழித்துவிட்டோம் என்றார்கள். மறுபடி ஸ்கேன், மறுபடி பணம். எடுக்கும்போதே மெல்லிய படங்களையும் சேர்த்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.

புது ஸ்கேனை வைத்து வரைந்த பாதையை ஓ.பி. அறையில் டாக்டர் காட்டினார். திரையில் ஊதா நிறக் கோடு ஒன்று, கிளைக்குக் கிளை திரும்பிப் போனது. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மேப் இப்படித்தான் சார் காட்டும், போனா ரோடு வேற மாதிரி இருக்கும்" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. நீங்கள் சொல்வது சரிதான், ஸ்கேன் மூச்சை முழுதாக இழுத்துப் பிடித்து எடுத்தது, மயக்கத்தில் நுரையீரல் அவ்வளவு விரியாது, கட்டி கொஞ்சம் நகர்ந்திருக்கும், அதனால் திரையை மட்டும் நம்பாமல் அங்கே போனதும் சின்ன அல்ட்ராசவுண்ட் விட்டுப் பார்ப்போம் என்றார்.

ரத்தம் உறையாமல் இருக்க அப்பா சாப்பிட்ட குளோபிடோக்ரெல் மாத்திரையை, இதய டாக்டரைக் கேட்டு, சில நாள் முன்பே நிறுத்தினோம். உள்ளே போய் ஒன்றரை மணி நேரம். வெளியே வந்த டாக்டர், முதலில் போன இடத்தில் அல்ட்ராசவுண்டில் ஒன்றும் தெரியவில்லை, பக்கத்துக் கிளையில் விட்டதும் கட்டி தெரிந்தது என்றார். சதையை இரண்டு டப்பாவில் போட்டார்களாம், கேன்சர் பார்க்க ஃபார்மலினில், டி.பி. பார்க்க வெறும் சலைனில். ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், பிறகு வளர்த்துப் பார்க்க முடியாது. அன்று இரவு சளியில் லேசாக ரத்தம் வந்தது, எக்ஸ்ரேயில் பிரச்சினை எதுவும் இல்லை.

ஐந்தாம் நாள் ரிசல்ட்: டி.பி. அந்தச் செய்தியைக் கேட்டு அம்மா சாமிக்குக் கற்பூரம் ஏற்றினாள், டி.பி. என்றதற்குக் கற்பூரம் ஏற்றிய வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். மாத்திரை அரசு மருத்துவமனையிலேயே இலவசம், 6 மாதம். மறுநாள் காலை பாத்ரூமிலிருந்து அப்பா போட்ட சத்தத்தில் மறுபடி எல்லோரும் ஓடினோம். அந்த மாத்திரை சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் என்பதை அவரிடம் சொல்ல மறந்துவிட்டோம்.