வேலியில் ஒரு ஈசுரமூலி: வெள்ளவத்தை நாட்குறிப்பு

2025 ஜனவரி 12, ஞாயிறு

கார் நிறுத்துமிடத்து வேலியில் படர்ந்திருந்த கொடியைத் தோட்ட வேலைக்கு வரும் ஐயா பாதி அறுத்துவிட்டார். ஹட்டன் பக்கத்துக்காரர். "காட்டுக் கொடிங்கம்மா, பொங்கலுக்கு முந்தி எல்லாம் துப்புரவாக்கணும்னு கமிட்டியில சொன்னாங்க."

அறுத்துப் போட்ட இலையில் ஒரு புழு. கருஞ்சிவப்பு உடம்பு, நடுவில் வெள்ளைப் பட்டி, முதுகெல்லாம் சதைமுள். அதைப் பார்த்ததும் கொடி எதுவென்று விளங்கிவிட்டது: ஈசுரமூலி. சிங்கள வைத்தியத்தில் சப்சந்த. கறுப்பும் சிவப்புமாய்ப் பறக்கும் பெரிய ரோஜா வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது இந்தக் கொடிக் குடும்பத்தில் மட்டும்தான். கொடியின் நஞ்சைப் புழு உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதனால் பறவைகள் அதைத் தொடுவதில்லை.

"மயிர்க்கொட்டிங்களே, பட்டா அரிக்கும்" என்று ஐயா பின்வாங்கினார். கையில் எடுத்துக் காட்டினேன். மீதிப் பாதி தப்பியது.

ஜனவரி 14, தைப்பொங்கல்

மூன்றாம் மாடி அன்ரி சர்க்கரைப் பொங்கலோடு ஒரு முறைப்பாட்டையும் கொண்டுவந்தார். அவருடைய பல்கனிக் கறிவேப்பிலையைப் புழு மொட்டையடிக்கிறதாம், மருந்து அடிக்கப்போகிறாராம். போய்ப் பார்த்தேன். மோர்மன் வண்ணத்துப்பூச்சியின் பச்சைப் புழு. இது ஒரு நல்ல கள்ளன். இதன் பெண்களில் சில, நஞ்சுள்ள ரோஜா வண்ணத்துப்பூச்சியைப் போலவே வேடம் போட்டுப் பறக்கும். தன்னிடம் நஞ்சே இல்லை, ஆனால் பறவை நம்பிவிடும். கீழே அசல், மேலே போலி. இரண்டும் ஒரே கட்டடத்தில் குடியிருக்கின்றன என்றதும் அன்ரிக்குச் சிரிப்பு. மருந்து ஒத்திவைக்கப்பட்டது.

ஜனவரி 31, வெள்ளி

வேலிக் கம்பியில் தொங்கிய கூட்டுப்புழுவிலிருந்து காலையில் ஒன்று வெளியே வந்தது. வேலைக்குப் பிந்திப் போனேன். காரணம் கேட்டவர்களுக்குக் காலி வீதி நெரிசல் என்றேன், யாரும் சந்தேகப்படவில்லை.

பெப்ரவரி 2, ஞாயிறு

இன்று உலக ஈரநில நாள். மகனோடு ஓட்டோவில் கோட்டே பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போனேன். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ், 2018இல் உலகத்தின் முதல் 18 ஈரநில நகரங்களில் கொழும்பும் ஒன்றானது. இது வெறும் அலங்காரப் பட்டம் இல்லை. மழைத் தண்ணீர் வந்து தங்க இங்கே சதுப்பு வேண்டும். இடம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை 2010 நவம்பரில் நாடாளுமன்றமே தண்ணீருக்குள் நின்று பார்த்தது.

பலகைப் பாதை நெடுக வெல் ஆத்த மரங்கள். நம்முடைய அன்னமுன்னாவுக்குச் சொந்தக்காரன்தான், அதைப் போலவே அமெரிக்காவிலிருந்து வந்தவன். பழம் மிதந்து போகும், விதை போன இடமெல்லாம் காடாகும். கொழும்புச் சதுப்புகளை இது பிடித்துக்கொண்டு விட்டது. வெட்டித் தள்ளவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். பார்த்தால் நீர்க்காகங்களும் கொக்குகளும் அதன் கிளைகளில்தான் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒரேயடியாக மொட்டையடித்தால் அவை எங்கே போகும்? கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எடுத்த இடத்தில் நம் மரங்களை வைத்துக்கொண்டே போவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

மகனுக்கு மீன்பிடிப் பூனை பார்க்க ஆசை. அது இரவில் திரியும் பிராணி, பகலில் எங்கே கிடைக்கும்! ஆனால் இந்த நகரத்தில் உண்டு. அன்யா ரத்நாயக்க போன்ற ஆய்வாளர்கள் அதன் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டி கட்டிப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். வீட்டு முற்றத்துக் குளத்தில் வளர்த்த மீனைத் திருடித் தின்றதும் கமராவில் பதிவாகியிருக்கிறது. நீலத் தாழைக்கோழியோடு மகன் சமாதானமானான்.

திரும்பும்போது கறுவாத்தோட்டப் பக்கத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரங்களின் நிழல். வடிவுதான். அவையும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை. நாகமரமும் மருதும் புன்னையும் இருக்கிற நாட்டில் புதிதாக நடுவதற்கும் வெளியூர் மரத்தைத் தேடுகிறார்களே என்றுதான் கோபம். பழைய மரங்கள் இருக்கட்டும், பாவம்.

பெப்ரவரி 22, சனி

வாய்க்கால் பாலத்தில் கூட்டம். முதலை என்று கத்தினார்கள், பார்த்தால் கபரகொய்யா, பெரிய நீர் உடும்பு. மீன் கழிவைத் தின்றுகொண்டு அது தன்பாட்டில் கிடந்தது. ஒரு பொடியன் கல்லெடுத்தான். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பிராணி, தொட்டால் வழக்கு என்று கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னேன். கல் தண்ணீரில் விழுந்தது.

மார்ச் 15, சனி

நாடு முழுக்க வனவிலங்குக் கணக்கெடுப்பு. காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, ஐந்தே நிமிடம், அவரவர் வளவில் நிற்கும் குரங்கு, மந்தி, மரஅணில், மயில், காட்டுப்பன்றியை எண்ண வேண்டும். பயிரை அழிக்கிறவை என்பதால் விவசாய அமைச்சு எடுக்கும் கணக்கு. வெள்ளவத்தையில் காட்டுப்பன்றிக்கு எங்கே போவது? இருந்தாலும் மகன் கொப்பியும் பேனையுமாக மொட்டைமாடியில் நின்றான். ஐந்துக்கும் பூச்சியம். அப்புறம் கீழே தானாகவே கோடு போட்டு எழுதினான்: குக்குறுவான் 1 (சத்தம் மட்டும்), கிளி 6, செண்பகம் 1, ரோஜா வண்ணத்துப்பூச்சி 2, இன்னொன்று அசலோ போலியோ தெரியாது. அரசாங்கம் கேட்ட கணக்கைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

அமைச்சைக் குறை சொல்லவில்லை, தோட்டக்காரரின் நட்டம் நட்டம்தான். ஆனால் ஐந்து நிமிடத்தில் குரங்கை எண்ணிவிடலாம் என்று நினைத்தவர் குரங்கோடு பழகியவராக இருக்க முடியாது.

பின்னேரம் ஐயா வந்தார். சித்திரைப் புத்தாண்டுக்கு வேலிக்குப் பெயின்ற் அடிக்கக் கமிட்டி முடிவெடுத்திருக்கிறதாம். "கொடிய மெதுவா இறக்கிக் கட்டி வச்சிட்டு, பெயின்ற் காஞ்சதும் திரும்ப ஏத்தி விடுறேன், சரியாங்கம்மா?" என்றார். சரி என்றேன். காய் முற்றினால் தனக்கும் விதை வேண்டும் என்று மாடியிலிருந்து அன்ரி குரல் கொடுத்தார்.