எட்டு வாரம்

மே 27
அப்பாவின் புராஸ்டேட் சுரப்பியில் ஊசி போட்டு இன்றோடு ஐந்து வாரம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு இன்னும் மூன்று.

மே 28
பன்னிரண்டு இடத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். பன்னிரண்டிலும் புற்று இல்லை என்று தாளில் இருக்கிறது. அம்மாவுக்கு அந்த ஒரு வரி போதும். "ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்குல்லா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அப்படியானால் புராஸ்டேட்டுக்காக ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. ஏன் 9-லிருந்து 14-க்கு ஏறியது? ஊசி போகாத பதிமூன்றாவது இடத்தில் இருந்தால்?

ஜூன் 1
சாரல் இறங்கிவிட்டது. ராத்திரி அப்பா ஐந்து தடவை எழுந்தார். விழித்தபடியே எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

ஜூன் 3
திருவனந்தபுரத்து டாக்டருக்கு போன் போட்டேன், ஸ்கேனை இன்னும் முன்னாலேயே எடுக்க முடியாதா என்று கேட்க. முடியாதாம். ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசிந்து நிற்கும், அது ஸ்கேனில் நோய் மாதிரியே கருத்துத் தெரியும். மற்ற இடமென்றால் சீக்கிரம் உறைந்து கரைந்துவிடும். புராஸ்டேட்டில் சிட்ரேட் அதிகம், அது ரத்தத்தை உறையவிடாது, அதனால்தான் இவ்வளவு நாள். ரத்ததானப் பையில் ஊற்றி வைத்திருப்பதும் அதே சிட்ரேட்தான் என்றார். எத்தனை தடவை ரத்தம் கொடுத்திருக்கிறேன், பைக்குள் இருக்கும் அந்தத் தண்ணீர் என்னவென்று கேட்டதே இல்லை.

ஜூன் 4
அப்பாவிடம் சொன்னேன். வெறும் படம் மட்டும் இல்லை, எம்.ஆர். ஸ்பெக்ட்ராஸ்கோப்பி என்று கூடவே ஒன்று எடுப்பார்கள், சுரப்பியைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் என்ன ரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்று காந்தத்தாலேயே அளப்பார்கள் என்று. நல்ல இடத்தில் சிட்ரேட் உயர்ந்து நிற்கும். புற்று வந்த இடத்தில் அது விழுந்து, கோலின் என்ற இன்னொரு ரசாயனம் ஏறிவிடும்.

"சிட்ரேட்னா நம்ம எலுமிச்சம்பழத்துல இருக்கதாலே?"

அதேதான்பா என்றேன்.

நாற்பது வருஷமாகப் புளியங்குடியிலிருந்து புனலூருக்கு எலுமிச்சை ஏற்றிய மனுஷர். பழத்தை அறுக்கவே மாட்டார். கட்டைவிரலால் ஒரு அமுக்கு, காம்புப் பக்கம் ஒரு பார்வை. சாறு உண்டா சக்கையா என்று சொல்லிவிடுவார்.

ஜூன் 5
காலையிலும் மாலையிலும் எலுமிச்சைச் சாறு குடிக்கிறார். குடிப்பது அங்கே போய்ச் சேராது, சுரப்பியே செய்துகொள்வது, அதில் துத்தநாகம் நிறைய இருப்பதால் சிட்ரேட் எரியாமல் தேங்குகிறது, புற்று வந்தால் துத்தநாகம் குறைந்து சிட்ரேட்டும் எரிந்துபோகிறது என்றெல்லாம் விளக்கினேன். கேட்டுக்கொண்டே தம்ளரைக் காலி செய்தார்.

ஜூன் 9
தூக்கமில்லை. புராஸ்டேட் ஸ்கேனை எப்படி எடுப்பது, எப்படிப் படிப்பது என்று சொல்லும் பைராட்ஸ் வழிகாட்டியின், 2015-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஸ்பெக்ட்ராஸ்கோப்பியைச் சேர்க்கவில்லை என்று படித்துவிட்டேன். 2012-இல் வந்த முதல் பதிப்பில் விருப்பப்பட்டால் எடுக்கலாம் என்று இருந்ததாம். பிறகு நாங்கள் எதற்காகக் காத்திருக்கிறோம்? காலையில் டாக்டரைக் கேட்டேன், கோபப்படவில்லை. எடுக்க நேரமாகும், பக்கத்துக் கொழுப்பின் சமிக்ஞை கலந்துவிடும், படிக்கப் பழகிய ஆள் வேண்டும், அதனால் பல இடங்களில் விட்டுவிட்டார்கள். படமும், திசுவுக்குள் தண்ணீர் நகர்வதைக் காட்டும் டிஃப்யூஷனும்தான் முதல், இது கூடுதல் சாட்சி, உங்கள் அப்பாவுக்கு ஊசி பொய்த்திருக்கலாம் என்பதால் கேட்கிறேன் என்றார். சாட்சி என்ற சொல் பிடித்திருந்தது. மத்தியானத்துக்குள் அதுவும் போய்விட்டது.

ஜூன் 13
அரைஞாண். எப்படி மறந்தேன்? வெள்ளிதான், காந்தம் இழுக்காது. ஆனாலும் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது, அதுவும் இடுப்பில்.

கொக்கி தேய்ந்து ஒட்டிப்போயிருந்தது. ஆசாரி வீட்டுக்கே வந்தார். அப்பா திண்ணையில் வேட்டியைத் தளர்த்தி நின்றார், ஆசாரி குறடால் நெருக்கிக் கொக்கியைத் திறந்தார். கொடி கிடந்த இடத்தில் இடுப்பைச் சுற்றி வெளுத்த கோடு, குழந்தைத் தோல் மாதிரி. அம்மா நிற்கவில்லை, உள்ளே போய்விட்டாள். நம்மூரில் அதை எப்போது கழற்றுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் சிவப்புக் கயிறோடு வந்து, ஒன்றும் பேசாமல் அவளே கட்டினாள்.

பின்வழியாக ஒரு பலூன் வைப்பார்கள், அதற்குள் சமிக்ஞை பிடிக்கும் கம்பிச்சுருள் இருக்கும் என்பதை இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 16
சொல்லிவிட்டேன். வெகுநேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ பக்கத்துல நிக்காண்டாம்லே" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 17
விடியுமுன் பஸ். ஆரியங்காவில் ஒரு தடவை, குளத்தூப்புழையில் ஒரு தடவை கண்டக்டரிடம் கெஞ்சி நிறுத்தினேன்.

கதவுக்கு வெளியே நின்றேன். தட்டும் சத்தம், இரைச்சல், மறுபடி தட்டும் சத்தம். ஸ்பெக்ட்ராஸ்கோப்பிக்கு மட்டும் கால் மணி நேரம். "அனங்ஙல்லே அச்சா", அசையாதீங்கப்பா என்று மைக்கில் அந்தப் பெண் சொல்வது கேட்டது. அப்பா சந்தை மலையாளத்தில் ஏதோ பதில் சொன்னார், அவள் சிரித்தாள். வெளியே வந்தபோது கை சில்லென்றிருந்தது. டீயில் மூன்று சர்க்கரை போட்டுக் குடித்தார்.

ஜூன் 19
போன் வரவில்லை.

ஜூன் 20
வரவில்லை. எலுமிச்சைச் சாறும் இன்று இல்லை, கேட்கவும் இல்லை.

ஜூன் 22
டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். சுரப்பியின் மேல் வலைபோட்ட மாதிரி கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கோடு ஏறி இறங்குகிறது. வலப்பக்கம் முழுக்க சிட்ரேட் மலை மாதிரி நிற்கிறது. இடப்பக்கம் கீழ்நுனியில் மூன்று கட்டத்தில் அது தரையோடு படுத்து, பக்கத்தில் கோலின் எழுந்திருக்கிறது. படத்திலும் அதே இடம் கருப்பு. இது தீர்ப்பு இல்லை, அந்த இடத்தைக் குறிவைத்து மறுபடி ஊசி போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்.

அப்பா நாற்காலியை முன்னால் இழுத்து, அந்த மூன்று கட்டத்துக்கு நேராகக் கட்டைவிரலைக் கொண்டுபோனார். கண்ணாடியைத் தொடவில்லை.

ஜூன் 23
கொடியை மாட்ட ஆசாரியைக் கூப்பிடவா என்று கேட்டேன். "இருக்கட்டும்லே, மறுபடி போணும்லா."

அம்மா கயிற்றை மாற்றிப் புதிதாகக் கட்டியிருக்கிறாள்.