சிறுவர் கையில் ஊசி: ஒரு தையல் வகுப்பின் நாட்குறிப்பு

2025 ஜூன் 7, சனிக்கிழமை

குழந்தைகளுக்கான தையல் வகுப்பை எதிலிருந்து தொடங்குவது என்று எங்கள் குழுவினர் இன்று கூடி நெடுநேரம் பேசினோம். வளையத்தில் துணியைப் பூட்டிப் பூவும் இலையுமாக எம்பிராய்டரி போடக் கற்றுக்கொடுத்தால் குழந்தைகள் ஆசையோடு வருவார்கள் என்பது பலருடைய கருத்து. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அறுந்த பொத்தானைத் தைக்கவும், பிரிந்துபோன மடிப்பை மீண்டும் மடித்துத் தைக்கவும், கிழிசலை இழையோட்டி மூடவும் கற்ற பிறகே பூவேலைக்குப் போக வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். பூப்போட்ட கைக்குட்டை சில நாளில் பெட்டிக்குள் போய்விடும். தன் சட்டையைத் தானே செப்பனிடும் திறமையோ கற்றவரை விட்டு ஒருநாளும் போகாது. முதலில் அடிப்படைத் தையலும் செப்பனிடுதலும், அதன் பின்னர் அலங்கார வேலை என்று ஒருவழியாக முடிவாயிற்று.

துணியையும் ஊசியையும் இன்றே தேர்ந்தெடுத்துவிட்டோம். பாவு (நீள இழை) எது, ஊடை (குறுக்கு இழை) எது என்று கண்ணால் பிரித்துப் பார்க்கும் அளவுக்குத் தளர்வாக நெய்த தடித்த பருத்தித் துணிதான் தொடக்கத்திற்கு ஏற்றது. வழவழப்பான துணியும் இழுத்தால் நீளும் பின்னலாடைத் துணியும் பெரியவர்கள் கையிலேயே நழுவுபவை. ஊசியின் எண் கூடக் கூட ஊசி மெலிதாகும் என்பதைப் புதிதாக வாங்குபவர்கள் தலைகீழாக நினைத்துவிடுவது உண்டு. ஆறு, ஏழு வயதினருக்கு முனை மழுங்கிய, காது அகன்ற 18 அல்லது 20 எண் டேபஸ்ட்ரி ஊசி போதும். அது இழையைக் குத்தாமல் இழைகளுக்கு இடையே புகுந்து செல்லும். பெரிய பிள்ளைகளுக்குக் கூர்முனையுள்ள எம்பிராய்டரி ஊசியைக் கொடுக்கலாம்.

கத்தரிக்கோலைப் பற்றி என் கருத்து குழுவில் எல்லோருக்கும் உடன்பாடானது அன்று, என்றாலும் பதிவு செய்கிறேன். வெட்டாத மழுங்கிய கத்தரிக்கோலை ‘பாதுகாப்பு’ என்று குழந்தையிடம் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. துணி வெட்டுப்படாதபோது குழந்தை பலத்தையெல்லாம் கூட்டி அழுத்துகிறது. கை வழுக்குவது அப்போதுதான். சிறிய, கூர்மையான கத்தரிக்கோலைக் கொடுத்து, உட்கார்ந்தே வெட்ட வேண்டும், மற்றவரிடம் தரும்போது கைப்பிடி அவர் பக்கம் இருக்க வேண்டும் என்று முதல் நாளிலேயே பழக்கிவிடுவது நல்லது.

ஜூன் 14, சனிக்கிழமை

முதல் வகுப்பு முழுவதும் ஊசியில் நூல் கோப்பதிலும் முடிச்சுப் போடுவதிலும் கழிந்தது. அவசரப்பட்டு அடுத்ததற்குப் போக வேண்டாம் என்று முன்பே தீர்மானித்திருந்தோம். அது சரியென்றே இப்போதும் எண்ணுகிறேன். ஊசியில் நூல் கோக்க ஒவ்வொரு முறையும் பெரியவரை எதிர்பார்க்கும் குழந்தை, தையலில் எவ்வளவு முன்னேறினாலும் பிறர் கையை நம்பியே இருக்கும்.

நூலைச் சாய்வாக வெட்டி, நுனி மட்டும் தெரியும்படி இரு விரல்களுக்கிடையே இறுக்கிப் பிடித்து, அசையாத அந்த நூலின் மேல் ஊசிக் காதைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னோம். நூலை ஊசியை நோக்கி நீட்டினால் நுனி வளைந்து விலகிவிடும். அப்படியும் நுழையாவிட்டால் ஊசியைத் திருப்பிப் பிடித்து முயலலாம். சில ஊசிகளின் காது ஒரு பக்கத்தில் மறுபக்கத்தைவிட வழவழப்பாக இருக்கும். நுழைந்த கணத்தில் ஒரு சிறுமி “அக்கா, போயிடுச்சு!” என்று கூவியதைக் கேட்டு மற்றவர்களும் தம் ஊசியை உயர்த்திக் காட்டத் தொடங்கினார்கள்.

விரல்நுனியிலிருந்து முழங்கை வரைதான் நூல் எடுக்க வேண்டும் என்பது எங்கள் விதி. நீளமாக எடுத்தால் அடிக்கடி கோக்க வேண்டியதில்லை என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். நீள நூல் சிக்கலாகிறது என்பது ஒருபுறமிருக்க, துணிக்குள் மீண்டும் மீண்டும் உரசி நூலே நலிந்துபோகிறது. தைக்கத் தைக்க ஊசி விரல்களுக்கிடையே சிறிது சிறிதாகச் சுழல்வதால் நூலில் முறுக்கு ஏறி, தானாகவே சுருண்டு முடிச்சு விழுவதையும் காட்டினோம். துணியைத் தூக்கிப் பிடித்து ஊசியைத் தொங்கவிட்டால் அது கிறுகிறுவென்று சுழன்று முறுக்கை இறக்கிக்கொள்கிறது. அதை வேடிக்கை பார்ப்பதற்காகவே சிலர் தேவையில்லாமல் ஊசியைத் தொங்கவிட்டார்கள், தடுக்கவில்லை.

வகுப்பு தொடங்கும்போது எண்ணிக் கொடுத்த ஊசிகளை முடியும்போது எண்ணி வாங்கினோம். ஊசியை வாயில் வைப்பதும் உடுத்திய உடையில் குத்தி வைப்பதும் கூடாது. கீழே விழுந்த ஊசியைக் கையால் துழாவாமல் காந்தத்தால் தேட வேண்டும்.

ஜூன் 21, சனிக்கிழமை

இடக்கைப் பழக்கமுள்ள சிறுவன் ஒருவன் சென்ற வாரம் எங்கள் கையைப் பார்த்துச் செய்ய முடியாமல் திணறினான். வலக்கைக்காரர் வலமிருந்து இடமாகத் தைப்பார். அவனுக்கு இடமிருந்து வலமாகப் போவதே இயல்பு. பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்காமல் இன்று அவனுக்கு நேரெதிரே உட்கார்ந்து தைத்துக் காட்டினேன். கண்ணாடியில் பார்ப்பது போல என் கை அவன் கைக்குப் பொருந்தியது. கையை மாற்றிப் பழகும்படி எந்தக் குழந்தையிடமும் எவரும் சொல்லக் கூடாது என்று குழுவில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 5, சனிக்கிழமை

ஊசியை மேலும் கீழுமாக விட்டு முன்னோக்கியே போகும் ஓட்டுத்தையலும் பின்தையலும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை இன்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கும்படி செய்தோம். ஒரே அளவுள்ள இரண்டு துண்டு ஜோடிகளை எடுத்து, ஒன்றை ஓட்டுத்தையலாலும் மற்றொன்றைப் பின்தையலாலும் இணைத்து, இருபக்கமும் பிடித்து இழுக்கச் சொன்னோம். ஓட்டுத்தையலில் இடைவெளிகள் வாய் திறந்தன. நூலின் ஒரு முனையை இழுத்தபோது துணி முழுவதும் சுருங்கிக் கொசுவம் போலாயிற்று. பின்தையலில் ஒவ்வொரு தையலும் ஓரடி பின்வாங்கி முந்திய தையலின் முடிவிலேயே ஊன்றிக்கொண்டு முன்னேறுவதால் துணியின் பின்புறத்தில் நூல் ஒன்றன்மேல் ஒன்று படிகிறது. வலிமை அங்கிருந்து வருவதை அவர்கள் துணியைத் திருப்பிப் பார்த்துச் சொன்னபோது எனக்கு மிகுந்த நிறைவாக இருந்தது. முன்புறத்தைப் பார்த்துப் பாராட்டுவதோடு நிற்காமல், துணியைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தை இந்த வயதிலேயே ஊட்டிவிட வேண்டும்.

சங்கிலித்தையலுக்கு மூட்டையின் வாயில் இருந்த தையலையே எடுத்துக்காட்டாகக் கொண்டோம். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் சரசரவென்று பிரிந்து வந்துவிடும். ஒவ்வொரு வளையமும் அடுத்த வளையத்தால் மட்டுமே பிடிக்கப்பட்டிருப்பதே காரணம். திறக்க வேண்டிய மூட்டைக்கு அது நன்மை. உடையின் இணைப்புக்கு அது துணையாகாது.

தையல் இயந்திரம் எந்தத் தையல் போடுகிறது என்று பெரிய பெண் ஒருத்தி கேட்டாள். பிரான்சில் பார்த்தலெமி திமோனியே 1830இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் ஒற்றை நூலால் சங்கிலித்தையலைத்தான் போட்டது. அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல் என்று இரண்டையும் பூட்டித் தைத்தது; கை ஊசியில் தலைப்பக்கம் இருக்கும் காது அதன் ஊசியில் முனையருகே இருந்தது. இயந்திர ஊசி ஒன்றைக் கையில் கொடுத்ததும், “முழு ஊசியும் துணிக்குள்ள போய் வெளியே வர வேண்டியதில்லை, இல்லையா?” என்று அவள் கேட்டாள். நாங்கள் விளக்கத் தொடங்குமுன் அவளே விடையை அடைந்துவிட்டாள்.

ஜூலை 19, சனிக்கிழமை

வகுப்பில் சிறுவர்கள் குறைந்துகொண்டு வருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தையல் பெண்பிள்ளைகளின் வேலை என்று யாரோ கேலி செய்ததாக ஒருவன் தயக்கத்தோடு சொன்னான். அறிவுரைக்குப் பதிலாக அலெக்சிஸ் காரெல் என்ற அறுவை மருத்துவரைப் பற்றிச் சொன்னேன். வெட்டுண்ட இரத்தக்குழாயை நம்பகமாக இணைத்துத் தைக்க அக்கால மருத்துவர்களால் இயலாதிருந்தபோது, அவர் பிரான்சின் லியோன் நகரில் எம்பிராய்டரி செய்யும் ஒரு பெண்மணியிடம் நுண்தையல் கற்றார். குழாயின் வட்ட விளிம்பை மூன்று இடங்களில் நூலிட்டு இழுத்து முக்கோணமாக்கிக்கொண்டு, நேராகிவிட்ட ஒவ்வொரு பக்கத்தையும் தைப்பது அவர் கண்ட வழி. 1912இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்ததற்கு இரத்தக்குழாய்த் தையலும் ஒரு காரணம். மென்மையான ரப்பர்க் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து அந்த முக்கோண முறையைச் செய்து பார்க்கலாமா என்று அவனே கேட்டான். அடுத்த முறைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

பெண்பிள்ளைகளிடம் தையல் எப்படிச் சுமத்தப்பட்டது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இரண்டு மாதிரித் துணிகள் (தையல் பழகுவதற்காகத் தைக்கப்படும் துணிகள்) உள்ளன. ஒன்று ஜேன் போஸ்டாக் தைத்தது. 1598 என்ற ஆண்டு அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டு குறிக்கப்பட்ட பிரிட்டிஷ் மாதிரித் துணிகளில் அதைவிடப் பழையது அறியப்படவில்லை. மற்றொன்று எலிசபெத் பார்க்கர் என்னும் வேலைக்காரப் பெண் 1830 வாக்கில் தைத்தது. அதில் பூ இல்லை, கரை இல்லை. வேலைக்குப் போன வீட்டில் தான் பட்ட கொடுமையையும் சாக எண்ணியதையும் சிவப்பு நூலால் நுண்ணிய குறுக்குத்தையல் எழுத்துகளாகவே அவள் பதித்திருக்கிறாள். குனிந்த தலை நிமிராமல் இருப்பதற்காக அக்காலப் பெண்பிள்ளைகள் கையில் கொடுக்கப்பட்ட ஊசியைத் தன் குரலாக்கிக்கொண்டவள் அவள். அடக்கம் பழக்குவதற்காகத் தையல் வகுப்பை நடத்துவதென்றால் அதில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று குழுவினரிடம் இன்று வெளிப்படையாகச் சொன்னேன். குழந்தைகள் தைக்கும்போது பேசட்டும், சிரிக்கட்டும், எழுந்து நடந்துவிட்டு வரட்டும்.

ஆகஸ்ட் 2, சனிக்கிழமை

இன்று பொத்தான். நான் மிகவும் எதிர்பார்த்திருந்த வகுப்பு இது.

பொத்தானைத் துணியோடு ஒட்டி இறுக்கித் தைப்பதே உறுதி என்று பிள்ளைகள் நினைத்தார்கள். அவ்வாறு தைத்ததைக் காஜாவுக்குள் நுழைக்கச் சொன்னபோது துணி சுருங்கி இழுபட்டது. பொத்தானுக்கும் துணிக்கும் இடையே காஜாத் துணியின் தடிமனுக்கு இடம் வேண்டுமென்று அப்போது புரிந்தது. பொத்தானின் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, அதற்கு மேலாக நூல் போகும்படி தைத்து, முடிவில் குச்சியை உருவிப் பொத்தானை மேலே தூக்கினால் அடியில் நூல் தளர்ந்து நிற்கும். அந்த நூலைச் சுற்றி ஊசி நூலை நான்கைந்து சுற்றுச் சுற்றிப் பின்புறம் முடிச்சிட்டால் பொத்தானுக்கு ஒரு காம்பு உண்டாகிவிடும். இந்த வேலைக்கு மட்டும் இரட்டை நூலை அனுமதித்தோம்.

ஊசியின் தலை விரலைக் குத்தியதால் பலர் முனகினார்கள். நடுவிரலில் விரலுறை மாட்டிக்கொண்டு அதன் பக்கவாட்டால் தள்ளினால் வலிக்காது என்று சொன்னாலும், அது விரலில் ஆடுவதாகக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கான விரலுறை சிறு விரலில் நிற்பதில்லை; விரல் அளவுக்கு மென்தோலில் தைத்துக் கொடுப்பதே வழி.

ஆகஸ்ட் 16, சனிக்கிழமை

உதவிக்கு வந்திருந்த பெற்றோர் ஒருவர் தம் மகளுடைய கோணல் தையலைப் பிரித்து, தாமே நேராகத் தைத்துக் கொடுத்துவிட்டார். அன்பினால் செய்ததுதான். ஆனால் அந்தப் பெண் அதற்குப் பிறகு துணியைத் தொடவில்லை. குழந்தையின் துணியில் பெரியவரின் தையல் ஒன்றுகூட விழக் கூடாது, காட்டித்தர வேண்டுமென்றால் தனித்துணியில் காட்ட வேண்டும் என்பதை இன்றிலிருந்து எல்லோருக்கும் பொதுவான விதியாக்கியிருக்கிறோம். கோணலாக இருந்தாலும் உறுதியாகப் பிடித்திருக்கிற தையல் அதன் வேலையைச் செய்கிறது. நேராகத் தைப்பது பழகப் பழக வரும்.

பிரிப்பதா வேண்டாமா என்பதையும் குழந்தையே தீர்மானிக்கட்டும். பிரிக்க விரும்பினால், நூலை இழுத்துப் பிடுங்காமல், மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக வெட்டிவிட்டு மறுபக்கத்து நூலை உருவும் முறையைக் கற்றுக்கொடுத்தோம். துணிக்குச் சேதம் வராமல் பிரிக்கத் தெரிந்தவர்களிடம் தவறிவிடுமோ என்ற அச்சம் குறைவதை வெளிப்படையாகக் காண்கிறேன். வழக்கமாக ஒவ்வொரு தையலுக்கும் என் முகத்தைப் பார்க்கும் சிறுமி இன்று ஒருமுறைகூட நிமிரவில்லை.

ஆகஸ்ட் 30, சனிக்கிழமை

இழையோட்டுதலை முதலில் காகிதத்தில் செய்தோம். ஒரு நிறக் கீற்றுகளைப் பாவாக வைத்து, இன்னொரு நிறக் கீற்றை மேலும் கீழுமாகக் கோத்து, அடுத்த வரிசையில் அதையே மாற்றிக் கோக்க வேண்டும். அதன் பின் துணி. கிழிசலின் விளிம்பிலேயே தொடங்கினால் நலிந்த இழைகள் மீண்டும் அறுந்துவிடுமாதலால், அதைச் சுற்றியுள்ள நல்ல துணியிலிருந்து தொடங்கி ஓட்டையைக் கடந்து அக்கரையிலுள்ள நல்ல துணி வரை நூலைக் கொண்டுபோக வேண்டும். நூலை இழுத்துக் கட்டினால் அவ்விடம் சுருங்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் சிறிது தளர்வு விட வேண்டும்.

இடக்கைச் சிறுவன் முழங்கால் கிழிந்த தன் கால்சட்டையையே கொண்டுவந்திருந்தான். கால்சட்டையின் நிறத்திலேயே நூல் இருந்தும் ஆரஞ்சு நிறத்தைத் தேர்ந்தெடுத்தான். சரிசெய்தது எல்லோருக்கும் தெரியட்டும் என்றான். கிழிசல் பெரிது என்பதால் இன்று பாவு இழைகள் மட்டும் முடிந்தன. ஊடையை அடுத்த வகுப்பில் ஓட்டுவான். அதற்குள் மூன்று காரியங்கள் பாக்கி: சிறு விரல்களுக்குத் தோலுறை வெட்ட வேண்டும், முனை மழுங்கிய ஊசிகள் இன்னும் சில வாங்க வேண்டும், ரப்பர்க் குழாய் தேட வேண்டும்.