கீமோ நாள்காட்டியில் மனசுக்கும் ஒரு கட்டம்

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை தாண்டி, புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கத் திருவனந்தபுரம் போகும் பிள்ளைகளின் ஃபைலைத் திறந்தால் ரத்த கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), பயாப்ஸி முடிவு, மருந்தின் அளவு, அடுத்து வரவேண்டிய தேதி எல்லாம் இருக்கும். ராத்திரி தூங்கினானா, கூட்டுக்காரிகளிடம் பேசினாளா என்பது மட்டும் ஒரு தாளிலும் இருக்காது. 2020 மார்ச் 25-இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்த பிறகு இந்தக் குறை எத்தனை பெரியது என்று தெரிந்தது. அந்த இரண்டு வருஷமும் குமரி மாவட்டத்துக் குடும்பங்களோடு நடந்து நாங்கள் பழகிக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறோம். 15-லிருந்து 25 வயதுக்குள் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. குழந்தை வார்டுக்கும் பெரியவர்கள் வார்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் வயது அது.

முதல் சுமை பயணம்தான். நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். முன்பெல்லாம் காலை ரயிலில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். அதே தூரத்துக்கு 2020 கோடையில் தமிழ்நாட்டு இ-பாஸ், கேரளத்தின் கோவிட் ஜாக்ரதா பதிவு, மருத்துவமனையின் தேதி போட்ட கடிதம் என மூன்றும் கையில் வேண்டியிருந்தது. ஆதாரில் இனிஷியல் பெயருக்கு முன்னால், ஆஸ்பத்திரி ஃபைலில் பின்னால் என்று இருந்தால் சோதனைச் சாவடியில் கேள்வி வந்தது. அதனால் ஆதாரிலும் அந்த மூன்று தாளிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முந்தின வாரமே பார்த்துவிட வேண்டியிருந்தது.

பாஸ் கிடைக்குமா என்று வீட்டில் நடக்கும் ஒவ்வொரு போன் பேச்சையும் அந்தப் பிள்ளை பக்கத்து அறையில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தது. தூக்கம் அங்கேதான் போனது. பாஸ் வேலையை வீட்டில் ஒருவர் மட்டும் பார்ப்பது, பிள்ளையிடம் சாயங்காலம் 7 மணிக்கு ஒரே ஒரு தடவை நிலவரம் சொல்வது என்று வைத்துக்கொண்ட வீடுகளில் ராத்திரி கொஞ்சம் அமைதியாகக் கழிந்தது. “இன்னும் வரல, காலைல 6 மணிக்குத் திரும்பப் பாக்கேன்” என்றால் போதும். மறைத்தாலும் கெடுதல், நிமிஷத்துக்கு நிமிஷம் சொல்லிக்கொண்டிருந்தாலும் கெடுதல்.

கீமோ தள்ளிப்போனால் “எனக்குள்ள தீனம் (நோய்) வளந்துட்டு இருக்கு” என்றுதான் பிள்ளை நினைக்கும். அன்றைக்கே டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் தள்ளிவைக்கிறீர்கள், எத்தனை நாள், இந்தத் தாமதத்தால் சிகிச்சைக்கு என்ன ஆகும். கவுண்ட் குறைவு என்பதால் ஒரு வாரம் தள்ளுவது கொரோனா இல்லாத காலத்திலும் நடக்கிற காரியம். அதை டாக்டர் வாயால் பிள்ளையே கேட்பது நல்லது, ஸ்பீக்கர் போனிலாவது.

இனி நாள்காட்டி. பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டர் ஒன்று வாங்குங்கள். கீமோ நாளுக்குச் சிவப்பு, டெக்ஸா அல்லது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எடுக்கும் நாட்களுக்குப் பச்சை, கவுண்ட் இறங்கும் நாட்களுக்கு நீலம். இறங்குவது பெரும்பாலும் கீமோ முடிந்த 7-ஆம் நாளில் இருந்து 14-ஆம் நாள் வரை, மருந்தைப் பொறுத்து மாறும். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் ராத்திரி 8 மணிக்கு 0-இலிருந்து 10-க்குள் ஒரு எண். 0 என்றால் மனசில் தொல்லை ஒன்றும் இல்லை, 10 என்றால் தாங்கவே முடியவில்லை. பக்கத்தில் ஒரு சொல்: வலி, பரீட்சை, காசு, முடி, சண்டை, எதுவானாலும். புற்றுநோய் மருத்துவத்தில் இதை மன உளைச்சல் அளவுகோல் என்று பயன்படுத்துகிறார்கள். 4-உம் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கமான எல்லை.

இதில் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. “எத்தன மக்களே?” என்று அம்மா கேட்டால் “ரெண்டு” என்றுதான் பதில் வரும். அம்மா முகம் வாடக்கூடாது என்பதற்காகவே பிள்ளைகள் எண்ணைக் குறைத்துச் சொல்வார்கள். அதனால் பிள்ளையே எழுத வேண்டும். சுவரில் மாட்ட வேண்டாம், மெத்தைக்கு அடியில் இருக்கட்டும். எண்ணை வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு மட்டும் அனுப்பட்டும். அந்த ஒருவர் சித்தியாகவோ, மாமன் மகனாகவோ, பழைய டீச்சராகவோ இருக்கலாம். அவரைத் தேர்ந்தெடுப்பது பிள்ளையின் உரிமை. பதிலுக்கு அறிவுரை எழுதாதவராக அவர் இருக்க வேண்டும். 4 வந்தால் அடுத்த ஓ.பி.யில் நர்ஸிடம் சொல்வது, 7-க்கு மேல் இரண்டு நாள் தொடர்ந்தால் மறுநாளே போன் பண்ணுவது என்று முன்கூட்டியே பேசிவைத்தால், எண்ணைப் பார்த்ததும் யாரும் பதற வேண்டியதில்லை.

இரண்டு சுற்று கீமோ முடிவதற்குள் காலண்டரில் ஒரு ஒழுங்கு தெரியும். பலருக்கு எண் ஏறுவது கீமோ அன்றைக்கு அல்ல. போவதற்கு முந்தின இரண்டு ராத்திரியிலும், ஸ்டீராய்டு நிறுத்திய மறுநாளில் இருந்து மூன்று நான்கு நாளும் ஏறும். ஸ்டீராய்டு இருக்கும்போது எரிச்சல், பசி, தூக்கமின்மை. நிறுத்தியதும் அழுகையும் சோர்வும். “அம்மைய ஏன் அப்படி ஏசினேன்” என்று குற்ற உணர்ச்சியில் கிடக்கும் பிள்ளைக்கு, பச்சைக் கட்டத்தைக் காட்டி “இது மருந்து செய்த வேலை” என்று சொல்வதைப் போல ஆறுதல் வேறில்லை. காலை 8 மணிக்குள் முதல் மாத்திரையும், இரண்டாவது வேளை உண்டென்றால் மதியத்தோடும் முடித்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ராத்திரி விழுங்கும் டெக்ஸா தூக்கத்தைக் கெடுக்கும்.

மனசு போலவே தோன்றும் மருந்துக் கோளாறு இன்னொன்று உண்டு, இதை அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோப்ரமைடு ஊசிக்குப் பிறகு சில பிள்ளைகள் படுக்கையில் ஒட்டமாட்டார்கள். கட்டிலுக்கும் கதவுக்கும் நடப்பார்கள், உட்கார்ந்தால் கால் தானாக ஆடும், “உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது, வெளிய ஓடணும்” என்பார்கள். பயந்துவிட்டான், தைரியம் போதவில்லை என்று உடனிருப்பவர் ஏசுவார். அது பயமல்ல, அந்த மருந்தின் பக்கவிளைவு. கழுத்தோ தாடையோ ஒரு பக்கமாக இழுத்துக்கொள்வதும் இதே வகை. வயது குறைந்தவர்களுக்கே கூடுதலாக வரும். ஊசி போட்ட நேரத்தையும் நடக்கத் தொடங்கிய நேரத்தையும் குறித்து நர்ஸிடம் சொன்னால் மாற்று மருந்து கொடுப்பார்கள். காய்ச்சலோடு திடீரென்று ஆள் தெரியாமல் பேசினால் அது மனநோய் அல்ல, அவசர சிகிச்சை வேண்டிய நிலை.

பசியில்லை, தூக்கமில்லை, அசதி. இவை மனச்சோர்வுக்கும் அடையாளம், கீமோவுக்கும் அடையாளம். அதனால் இவற்றை வைத்து முடிவு கட்ட முடியாது. கவுண்ட் ஏறி உடம்பு தேறிய வாரத்திலும் பிடித்த எதிலும் மனம் செல்லவில்லையா, “என்னால எல்லாருக்கும் கஷ்டம்” என்ற பேச்சு திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். இரண்டு வாரம் அப்படியே நின்றால் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினால் வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். பாதியில் நிறுத்தக்கூடாது. 25 வயதுக்கு உட்பட்டவர்களை முதல் சில வாரம் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும், படபடப்பும் சாகும் எண்ணமும் கூடுகிறதா என்று. எந்த மாத்திரை என்பதைப் புற்றுநோய் டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராமும் வாந்திக்கான ஆன்டான்செட்ரானும் சேர்ந்தால் இதயத் துடிப்பின் சீரை மாற்றக்கூடும், ஈ.சி.ஜி. பார்ப்பார்கள். லினசோலிட் ஆன்டிபயாடிக் போடும் நேரம் வந்தாலும், பிள்ளை மனச்சோர்வு மாத்திரை எடுப்பதை டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள்.

எல்லைப் பகுதிக்கே உரிய சிக்கல் மொழி. களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. ராதாபுரம், தென்காசியில் இருந்து வருபவர்களுக்கு அப்படியல்ல. “விஷமம் உண்டோ?” என்று கவுன்சிலர் பரிவோடு கேட்பார். மலையாளத்தில் அது மன வருத்தம், தமிழ்ப் பிள்ளையின் காதில் குறும்பு. “இல்லை” என்று தலையாட்டிவிடும், ஃபைலில் வருத்தம் இல்லை என்று பதிவாகிவிடும். “தேஷ்யம்” என்றால் கோபம், “மடி” என்றால் சோம்பல். ஒரு சின்னத் தாளில் பத்துச் சொல்லை எழுதிப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள். மறுபக்கத்தில் “எனக்குத் தமிழில் பேசினால்தான் மனசில் உள்ளதைச் சொல்ல வரும்” என்ற வாக்கியத்தை மலையாளத்தில் எழுதி வையுங்கள். அதைக் காட்டினால், தமிழ் தெரிந்த ஒரு நர்ஸைக் கூப்பிட்டுவிடுவது பெரும்பாலும் நடக்கும். அப்பாவையோ அம்மாவையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள், பிள்ளை பாதியை முழுங்கிவிடும்.

போன் வழி ஆலோசனை அந்தக் காலத்தில்தான் பழக்கமானது. ஒற்றை அறை வீட்டில் யாரும் மனம்விட்டுப் பேச முடியாது. மொட்டைமாடி, ரப்பர் விளை, நிறுத்திவைத்த ஆட்டோ, எங்கேயாவது 40 நிமிஷம் ஒதுக்கிக் கொடுங்கள். பேசி முடித்ததும் “என்ன சொன்னாங்க?” என்று கேட்காதீர்கள். இப்போது 14416 என்ற டெலி-மானஸ் எண் (அரசின் மனநல உதவி எண்) உண்டு, 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலும் பேசலாம்.

காய்ச்சல் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். 100.4 டிகிரி வந்தால் உடனே ஆஸ்பத்திரி என்பது கீமோ எடுக்கும் எல்லாருக்கும் விதி. வெள்ளணு குறைந்த நேரத்தில் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகும். ஆனால் “கொரோனா வார்டுல தனியா போட்டுருவாங்க” என்ற பயத்தில் தெர்மாமீட்டரை உதறிவிட்டு 98 என்று சொன்ன பிள்ளைகள் உண்டு. இதைத் திட்டித் தீர்க்க முடியாது. தனிமையைத்தான் குறைக்க வேண்டும். ஒரு பையை எப்போதும் கட்டி வையுங்கள்: நீளமான வயர் உள்ள சார்ஜர், ரீசார்ஜ் செய்த போன், சொந்தத் தலையணை உறை, வீட்டில் எல்லாரும் நிற்கிற ஒரு போட்டோ பிரின்ட், மாத்திரைப் பட்டியல், இரண்டு மொழியிலும் எழுதிய பெயர்ச்சீட்டு. பைஸ்டாண்டர் (உடனிருப்பவர்) ஒருவருக்குத்தான் அனுமதி என்றால் யார் போவது, அவருக்கும் தொற்று வந்தால் அடுத்தது யார் என்று முன்பே பிள்ளையிடம் சொல்லுங்கள். தனியே இருக்க நேர்ந்தால் காலை 8, மதியம் 1, ராத்திரி 9 என்று வீடியோ கால் நேரம் குறித்து, அதைத் தவறாமல் காப்பாற்றுங்கள்.

“செத்துடலாம்போல இருக்கா?” என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது தப்பு. ஆமாம் என்றால் அன்றைக்கே டாக்டர், அதுவரை ஆள் தனியாக இருக்கக்கூடாது. மாத்திரைப் பெட்டியைப் பூட்டிவையுங்கள். வலிக்கான மார்ஃபின், கீமோ மாத்திரைகளான மெத்தோட்ரெக்சேட், 6-எம்.பி. இவற்றைத் தேவையான அளவு மட்டும் பெரியவர் கையால் எடுத்துக் கொடுங்கள். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மாத்திரை. மனம் கலங்கிய நாட்களில் மறந்து தினமும் விழுங்கிவிடும் தவறு உயிரையே எடுக்கும். அதனாலும் பூட்டு வேண்டும்.

ஊரடங்கு தளர்ந்தபோது நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எல்லாரும் வீட்டில் அடைந்து, எல்லாரும் மாஸ்க் போட்டிருந்தபோது தேறியிருந்த பிள்ளைகள், கூட்டுக்காரர்கள் காலேஜுக்குக் கிளம்பிய வாரத்தில் உடைந்துபோனார்கள். எண் 3-இல் இருந்து 8-க்குத் தாவியது. ஆன்லைன் வகுப்பில் ஸ்டீராய்டால் வீங்கிய முகத்தைக் காட்டக் கூசி கேமராவை மூடியவர்களும் இவர்களே. டீச்சரிடம் முதலிலேயே பேசி, கேமரா போடாவிட்டாலும் வருகை உண்டு என்று கேட்டு வாங்கிக்கொண்டவர்கள் வகுப்பை விடவில்லை.

சிகிச்சை முடிந்து மூன்று மாதச் செக்கப்புக்கு வரும் நாட்களுக்கு முன்னாலும் எண் ஏறும். அதனால் கீமோ முடிந்ததும் காலண்டரைத் தூக்கிப்போட வேண்டாம். வாரத்துக்கு ஒரு எண் போதும், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. எழுத மறந்தால் விடுங்கள். மூன்று வாரம் கட்டம் வெறுமையாகக் கிடந்தால் மட்டும், அந்த ஒருவர் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பட்டும்: “இந்த வாரம் எத்தன?”