சில்கோட் அறிக்கையில் பஸ்ராவைத் தேடிப் படித்த அனுபவம்

ஈராக் போரில் பிரிட்டனின் பங்கை விசாரித்த, ஜான் சில்கோட் தலைமையிலான குழுவின் சில்கோட் அறிக்கை 2016 ஜூலை 6 அன்று வெளியானது. 12 தொகுதிகள், ஏறக்குறைய 26 லட்சம் சொற்கள். வெளியானபோது அச்சுப் பிரதியை மொத்தமாக வாங்க 767 பவுண்டு ஆனது. நல்லவேளை, இணையத்தில் முழுவதும் இலவசம். அதில் போருக்குப் பிந்தைய ஆறு ஆண்டுகளை மட்டும் படித்து முடிப்பது என்று இறங்கினேன். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தே ஒரு குளிர்காலம் போய்விட்டது. படிக்க நினைக்கும் வேறு யாருக்காவது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

போருக்கு முந்தைய கதையைத்தான் எல்லோரும் அலசி முடித்துவிட்டார்களே. பேரழிவு ஆயுதங்கள் இருந்தனவா, பிளேர் புஷ்ஷுக்கு என்ன வாக்குக் கொடுத்தார் என்பதிலேயே பத்திரிகைகளின் பக்கங்கள் நிரம்பின. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. சதாம் விழுந்த பிறகு, அமெரிக்காவின் நெருங்கிய கூட்டாளியாகப் போன ஒரு ஐரோப்பிய நாடு பஸ்ரா நகரம் இருக்கும் தெற்கு ஈராக்கில் அன்றாடம் என்னதான் செய்தது?

முதல் தொகுதியிலிருந்து வரிசையாகப் போவது என்பது நடக்கிற காரியம் இல்லை. அதனால் முதலில் 150 பக்க அளவில் இருக்கும் சுருக்கத்தைப் படித்தேன். அப்புறம் நேராக 9-ஆம் பகுதி. அதில் எட்டு உட்பிரிவுகள். முதல் ஏழும் தேதிவாரியாகப் போகும், எட்டாவது முடிவுரை. ஒரு பிரிவு 2007 ஜூன் 27-இல் முடிய, அடுத்தது அதே நாளில் தொடங்குகிறது. ஏன் இப்படி மாத நடுவில் வெட்டினார்கள் என்று யோசித்தால், அன்றுதான் பிளேர் போய் கார்டன் பிரவுன் பிரதமரானார். பஸ்ராவில் எது நடந்தாலும் கதையின் அத்தியாயம் லண்டனில்தான் பிரிகிறது.

நடைக்குப் பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். ஒவ்வொரு பத்திக்கும் எண். இன்ன தேதியில் இன்னார் இன்னாருக்குக் குறிப்பு அனுப்பினார், அமைச்சர் கவலை தெரிவித்தார், அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள் என்று பக்கம் பக்கமாக ஓடும். நடுநடுவே பி.ஜே.எச்.க்யூ., ஜே.ஐ.சி., சி.பி.ஏ. என்று சுருக்கெழுத்துகள். அவற்றின் விளக்கப் பட்டியல் பின்னிணைப்பில் இருக்கிறது. அதை இன்னொரு ஜன்னலில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. தூக்கம் வரும் இடங்கள் நிறைய. அங்கெல்லாம் அடிக்குறிப்பைப் பிடித்து, ரகசியம் நீக்கி வெளியிட்ட மூல ஆவணத்துக்குப் போய்விடுவேன். கறுப்பு மை பூசி மறைத்த வரிகளோடு அந்தக் கடிதங்களைப் பார்க்கும்போது தூக்கம் கலைந்துவிடும்.

9.1-இலேயே விஷயம் பிடிபட்டுவிட்டது. 2003 மே 22-இல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483-ஆம் தீர்மானம் வந்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக்கைக் கூட்டாக ஆக்கிரமித்திருக்கும் நாடுகள் என்பதை அது ஏற்றுக்கொண்டது. ஆக, சட்டப்படி இருவருக்கும் பொறுப்பு. ஆனால் பாக்தாதில் நிர்வாகம் நடத்தியது பால் பிரெமரின் தற்காலிக ஆணையம், அதாவது சி.பி.ஏ. பிரெமர் பதில் சொல்ல வேண்டியது வாஷிங்டனுக்கு. சதாமின் பாத் கட்சிக்காரர்களைப் பதவிகளிலிருந்து நீக்கிய முதல் ஆணை மே 16-இல், ஈராக் ராணுவத்தைக் கலைத்த இரண்டாம் ஆணை மே 23-இல் வந்தன. பின்னால் நாட்டையே உலுக்கிய இந்த இரண்டிலும் லண்டனின் சொல் பெரிதாக எடுபடவில்லை. ஆக்கிரமிப்புக் காலத்தில் இரு நாடுகளும் எப்படிச் சேர்ந்து முடிவெடுப்பது என்பதற்கு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட பிரிட்டன் முயன்றது, அதுவும் கைகூடவில்லை. கூட்டுப் பட்டாவில் தம்பி பெயரும் இருக்கும், நிலத்தில் என்ன பயிர் என்பதை அண்ணன்தான் சொல்வார். அந்தக் கதைதான் இது.

தெற்கே நிலைமை வேறு. பஸ்ரா, மைசான், தி கார், முத்தன்னா ஆகிய நான்கு மாகாணங்களுக்கும் ராணுவத் தலைமை பிரிட்டனுடையது. அந்தப் படைப்பிரிவில் இத்தாலியர்கள், டச்சுக்காரர்கள், டேனிஷ்காரர்கள் எல்லாம் இருந்தார்கள். இவ்வளவு பெரிய பொறுப்பை ஏற்பது பற்றி அமைச்சர்கள் மட்டத்தில் முறையான முடிவே எடுக்கப்படவில்லை என்று அறிக்கை சொல்கிறது. தேவையான படைபலமும் சிவில் அதிகாரிகளும் கைவசம் உண்டா என்று உறுதிசெய்துகொள்ளவும் இல்லையாம். இந்த இடத்தை இரண்டு முறை படித்தேன். அதே மாதங்களில் அமெரிக்கா இந்தியாவிடமும் படை கேட்டது நினைவிருக்கும். ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாமல் அனுப்ப முடியாது என்று 2003 ஜூலை 14-இல் வாஜ்பாய் அரசு சொல்லிவிட்டது. டெல்லியில் அதற்கு அமைச்சரவைக் குழு கூடிப் பேசியது. லண்டனில் நான்கு மாகாணங்கள் பேச்சுவாக்கில் தலையில் ஏறிவிட்டன.

ராஜதந்திரப் பக்கத்தைப் புரிந்துகொள்ள அறிக்கையைவிடச் சாட்சியங்கள்தான் உதவும். 2009 நவம்பர் முதல் 2011 பிப்ரவரி வரை நடந்த விசாரணையின் எழுத்துவடிவம் கிடைக்கிறது. பாக்தாதில் பிரிட்டனின் சிறப்புப் பிரதிநிதியாக இருந்த ஜெரமி கிரீன்ஸ்டாக், பஸ்ராவில் சி.பி.ஏ.வின் தென்பகுதியைப் பார்த்துக்கொண்ட ஹிலரி சின்னாட் இருவரையும் அடுத்தடுத்து படியுங்கள். சின்னாட் 2003 ஜூலையில் பஸ்ரா போனார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு டேனிஷ் தூதர். ஆளும் இல்லை, வசதியும் இல்லை, லண்டனோடு ஒழுங்கான தொடர்பும் இல்லை என்ற நிலையில் மாகாண நிர்வாகத்தை நகர்த்த வேண்டியிருந்தது. புகார் சொல்லும்போதும் குரல் உயராத வெளியுறவுத்துறைப் பேச்சு அது. வரிகளுக்கு நடுவே படிக்கத் தெரிய வேண்டும்.

ராணுவக் கதை எண்களில் துலங்கும். படையெடுப்பின்போது 46,000 பேர். 2003 மே இறுதியில் 18,000. 2004 மே இறுதியில் 8,600. மைசானில் மஜார் அல் கபீர் என்ற ஊரில் 2003 ஜூன் 24 அன்று ஒரு காவல் நிலையத்தில் ஆறு பிரிட்டிஷ் ராணுவக் காவலர்கள் கொல்லப்பட்டதற்குப் பிறகும் இறங்குமுகம்தான். 2006-இல் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டுக்கும் படை போனது. இரண்டு நீண்ட போர்களை ஒரே நேரத்தில் நடத்தப் போதுமான வளம் கிடையாது என்று அறிக்கை அடித்துச் சொல்கிறது.

நான் அதிக நேரம் செலவிட்டது 9.4, 9.5, 9.6 மூன்றிலும்தான். பஸ்ராவில் பிரிட்டன் பயிற்சி கொடுத்த காவல்துறைக்குள்ளேயே ஆயுதக் குழுக்களின் ஆட்கள் புகுந்திருந்தார்கள். 2005 செப்டம்பரில் இரண்டு பிரிட்டிஷ் வீரர்களை ஈராக்கியக் காவலர்களே பிடித்து ஜமியாத் நிலையத்தில் அடைக்க, பிரிட்டிஷ் கவச வண்டிகள் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே போயின. 2006 கிறிஸ்துமஸ் அன்று அதே நிலையத்தைப் பிரிட்டிஷ் படையே தகர்த்தது. இவ்வளவுக்கும் நடுவில் லண்டனுக்குப் போன குறிப்புகளில் நிலைமை மேம்பட்டு வருகிறது என்ற தொனி அடிக்கடி வருகிறது. தேதியைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் எரிச்சல்தான் வரும்.

2007-இல் மஹ்தி படை என்ற ஷியா ஆயுதக் குழுவோடு ஒரு ஏற்பாடு. சிறையில் இருந்த அவர்களின் ஆட்களை விடுவிப்பது, பதிலுக்குப் பிரிட்டிஷ் படை மீதான தாக்குதலை அவர்கள் நிறுத்துவது. தங்களைக் குறிவைத்து அடித்த குழுவோடு உடன்பாடு செய்வதே இருப்பதில் நல்ல வழி என்ற நிலைக்கு வந்தது அவமானகரமானது என்கிறது அறிக்கை. அதற்குள் பழகிப்போன மெதுவான நடைக்கு இது பெரிய அதட்டல். செப்டம்பரில் பஸ்ரா அரண்மனையைக் காலி செய்து விமான நிலைய முகாமுக்குப் போனார்கள். 2008 மார்ச்சில் ஈராக் பிரதமர் மாலிகி தானே பஸ்ராவுக்கு வந்து ஆயுதக் குழுக்கள் மீது படையை ஏவினார். 2007 டிசம்பர் வரை நகரத்துக்குப் பொறுப்பாக இருந்த பிரிட்டனுக்குக் கிடைத்த முன்னறிவிப்பு சொற்பம்.

செலவுக் கணக்கு 13-ஆம் பகுதியில். 2009 வரை குறைந்தது 920 கோடி பவுண்டு, அதில் 89 சதவீதம் ராணுவத்துக்கு. புனரமைப்பு பற்றிய 10-ஆம் பகுதியை மேலோட்டமாகத்தான் பார்த்தேன், வறட்சி தாங்கவில்லை.

17-ஆம் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். சிறிய பகுதிதான், பொதுமக்கள் உயிரிழப்பு பற்றியது. எத்தனை பேர் இறந்தார்கள் என்று கண்டறிவதற்குச் செலவான நேரத்தைவிட, இது எந்தத் துறையின் வேலை என்ற கேள்விக்குச் செலவான நேரம் அதிகம் என்று அங்கே எழுதியிருக்கிறார்கள். 179 பிரிட்டிஷ் வீரர்களின் மரணம் துல்லியமான எண். 2009 ஜூலைக்குள் இறந்த ஈராக்கியர்களைப் பற்றிச் சில்கோட் சொன்னது, குறைந்தது 1,50,000, பெரும்பாலும் அதைவிட நிறைய.

நேரம் குறைவு என்றால் சுருக்கம், 9.8, 17 இவை போதும். விசாரணைக் குழுவின் தளம் இப்போது பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையச் சேமிப்பில் இருக்கிறது. பிடிஎஃப்களை இறக்கி வைத்துக்கொண்டு ஊர்ப் பெயர் போட்டுத் தேடுங்கள், வேலை பாதியாகக் குறையும்.