பானைக்குள் பானை: ஃபிரிட்ஜ் இல்லாமல் 5 மாதம்

சென்னையில் ஏழாவது மாடியில் இருந்துவிட்டுத் தென்காசிப் பக்கம் அத்தையின் ஊருக்குக் குடிவந்தபோது எங்கள் பழைய ஃபிரிட்ஜ் லாரியில் ஏறவில்லை. கதவு ரப்பர் போய்விட்டிருந்தது. "புதியது வாங்குவதற்கு முன் ஒரு கோடையை அது இல்லாமல் ஓட்டிப் பார்ப்போம்" என்று வீறாப்பாகச் சொன்னவள் நான்தான். கணவர் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. "நாற்பது வயது வரை நான் அப்படித்தானே சமைத்தேன். இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுக் கறிவேப்பிலை உருவப் போய்விட்டார்.

மார்ச் கடைசியில் பானைக்குள் பானை செய்யத் தொடங்கினேன். பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இரண்டுக்கும் நடுவே மணலைக் கொட்டி நனைத்துவிட வேண்டும். மணலில் உள்ள ஈரம் வெளிப்பானையின் நுண்துளைகள் வழியே கசிந்து காற்றில் ஆவியாகும். ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் உள்பானை குளிரும். வீட்டுத் திண்ணையில் இருந்த குடிநீர்ப் பானையின் அதே சூட்சுமம்தான்.

முதல் முயற்சி படுதோல்வி. செடிக்கடையில் வாங்கிய தொட்டி பார்க்க அழகாக இருந்தது. வெளியே செங்காவிச் சாயம் வேறு. இரண்டு நாள் தண்ணீர் ஊற்றியும் வெளிப்புறம் எலும்பு போல உலர்ந்தே கிடந்தது. சாயம் துளைகளை அடைத்துவிட்டால் நீர் எங்கிருந்து கசியும்? அந்தத் தொட்டியில் இப்போது கற்றாழை இருக்கிறது.

பிறகு பக்கத்து ஊர்க் குயவரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அண்ணாச்சி நாலைந்து பானைகளை விரல்முட்டியால் தட்டிப் பார்த்தார். கணீரென்று ஒலித்தவற்றை ஒதுக்கிவிட்டு, சற்று மங்கலாக ஒலித்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "குழம்புச் சட்டிக்கு நன்றாக வேக வேண்டும். உங்களுக்குக் கசிகிற பானைதானே வேண்டும் அம்மா? இதில் மணல் கூடுதலாகச் சேர்த்துப் பிசைந்திருக்கிறேன்" என்றார். நான் வீடியோவில் அரைநாள் பார்த்தும் புரியாதது இரண்டு வாக்கியத்தில் புரிந்தது.

வெளிப்பானைக்கு 15 அங்குல வாய், உள்பானைக்கு 10. இடையில் ஆற்றுமணல். மேலே நனைத்துப் பிழிந்த சாக்கு. வெயில் படாத, காற்று வருகிற தாழ்வாரத்தில் மூன்று செங்கல் மேல் ஏற்றி வைத்தோம். காலையிலும் மாலையிலும் மணலுக்குத் தண்ணீர் ஊற்றுவது பையனின் வேலை. வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவதும் அவனே.

ஏப்ரல் இரண்டாம் வாரப் பக்கத்தில் "வெளியே 37, உள்ளே 27" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறான். அந்த வாரம் வீட்டில் திருவிழாதான். கொத்தமல்லி மூன்றாம் நாளும் நிமிர்ந்து நின்றது. தக்காளி எட்டு நாள் தாங்கியது. காலையில் பொங்கிய இட்லி மாவு மறுநாள் காலை வரை புளித்துப் போகாமல் இருந்தது. ஆனால் மீனையும் கறியையும் அதில் வைக்கவே இல்லை. 27 டிகிரி என்பது கீரைக்குக் குளிர், கிருமிக்கு விருந்து. மீன் வாங்கினால் அன்றே குழம்பு, அன்றே காலி.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அத்தைக்கு இன்சுலின் உண்டு. திறக்காத மருந்துப் புட்டிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். எந்தப் பானையாலும் அது ஆகாது. அவை பக்கத்து வீட்டு அக்காவின் ஃபிரிட்ஜ் கதவில்தான் இருந்தன. திறந்து பயன்படுத்தும் புட்டியை எங்கே, எத்தனை நாள் வைப்பது என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தோம். ஆகவே "ஃபிரிட்ஜ் இல்லாமல் வாழ்ந்தோம்" என்று நான் சொல்வது முக்கால் உண்மை.

ஜூனில் சாரல் வந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்று வேட்டியைப் பறிக்கும் வேகத்தில் அடித்தது. இவ்வளவு காற்றில் பானை இன்னும் குளிரும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் காற்றே ஈரம் சுமந்து வருவதை யோசிக்கவில்லை. ஏற்கெனவே நனைந்த காற்றில் நீர் எப்படி ஆவியாகும்? நோட்டில் "வெளியே 28, உள்ளே 27". சாக்கில் கரும்பூஞ்சணம். கொத்தமல்லி கொழகொழவென்று அழுகி, உள்பானையையே வெந்நீரில் கழுவிக் காயவைக்க வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு, கசியும் நீரைப் பிடிக்க நான் அடியில் வைத்திருந்த தட்டில் "குட்டி மீன்" நீந்துவதாக மகள் ஓடிவந்து சொன்னாள். கொசுப்புழு.

இந்த முறையைப் பரப்பியதற்காக 2000ஆம் ஆண்டு ரோலெக்ஸ் விருது பெற்ற முகமது பா அப்பா, வடக்கு நைஜீரியாவின் ஆசிரியர். மூன்று நாளில் வாடும் கத்தரிக்காய் அவருடைய பானையில் 27 நாள் இருந்தது என்பார்கள். அது வறண்ட பூமி. அதைப் படித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சாரல் மாதங்களை ஓட்ட உதவியது பானை அல்ல, அத்தை. இரண்டு நாளுக்கு ஒருமுறை மாவு என்பது போய், தினமும் ஒரு உழக்கு அரிசி மட்டும் ஊறியது. தேங்காய் உடைத்தால் கண் உள்ள மூடியை முதலில் துருவ வேண்டும்; அதுதான் சீக்கிரம் கெடும் என்பார். மீந்த சோற்றுக்கு இரவே தண்ணீர் ஊற்றிவிடுவார். ஏப்ரலில் அதைப் பார்த்து மூக்கைப் பிடித்த பையன், ஜூலையில் மோர் மிளகாய்க்காகத் தங்கையோடு சண்டை போட்டான். நான் மட்டும் அளவு தெரியாமல் ஆறு பேருக்குச் சாம்பார் வைத்துவிட்டு இரண்டு வீடுகளுக்குத் தூக்குச்சட்டியோடு நடந்தேன். அக்காவுக்கு ஃபிரிட்ஜ் வாடகை அப்படித்தான் அடைந்தது.

ஆகஸ்ட் முடிகிறது. பானை கழுவிக் கவிழ்த்துக் கிடக்கிறது. மார்ச்சில் மறுபடி நிமிர்த்துவேன். இன்சுலினுக்காவது ஒன்று வேண்டும் என்று கணவர் ஃபிரிட்ஜ் விலை பார்க்கிறார். எத்தனை லிட்டர் வாங்கலாம் என்று அத்தையிடம் கேட்டார்.

"உள்ளதிலேயே சின்னதாகப் பார். பெரிதாக வாங்கினால் இவள் திரும்பவும் மூன்று நாள் குழம்பு வைப்பாள்."